அழகர்மலையில் ஒரு வாட்டர்ப்ரூஃப் ஷூ: நிகழ்வு ஆய்வு

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் மழைக்காலத்தில் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் மலைப்பாதைகளிலும் நடக்க, எடை குறைந்த வாட்டர்ப்ரூஃப் ஷூ நல்லதா? என் அக்காவின் காலை முன்னிட்டு எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இது. ஷூ விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மலைகளில் நடந்தவர்கள் எழுதியவை. ஐப்பசி மாதத்தில் கீழக்குயில்குடிப் பாறையில் ஏறி இறங்கியவர் எழுதியதாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதனால் ஒரு மழைப்பருவம் முழுக்க நாங்களே சோதித்துப் பார்த்தோம். செய்ததையும் கண்டதையும் எடுத்த முடிவையும் விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

யாருக்காக

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரையாலும் நடையாலும் கட்டுக்குள் வைத்திருக்கிறார். நடை அவருக்கு மருந்து மட்டும் இல்லை, பிரியமும்கூட. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சமணர் மலை அல்லது அழகர்மலை. ஆள் சேர்ந்தால் சிறுமலை.

வருடத்துக்கு ஒருமுறை செய்யும் பாதப் பரிசோதனையில் டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று நாம் சொல்ல வேண்டும். அக்காவுக்கு எல்லா இடத்திலும் தெரிந்தது. ஆனால் இடது காலின் சுண்டுவிரல் இடுக்கில் தோல் ஊறி வெளுத்து, மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. சேற்றுப்புண்ணின் தொடக்கம். மற்றவர்களுக்குக் களிம்பு தடவினால் போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வெடிப்பு கிருமி உள்ளே போகும் வாசல். கவனிக்காமல் விட்டு, புண் ஆறாமல், கடைசியில் விரலையே எடுக்க வேண்டி வந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "விரலிடுக்கில ஈரம் நிக்கக் கூடாதும்மா, அது ஒண்ணை மட்டும் பாத்துக்கங்க" என்றார் டாக்டர்.

அக்கா மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். விஷயத்தைக் கேட்ட ஒரு வாரத்தில் பார்சல் வந்துவிட்டது. ஈரம் ஆகாது என்றார்கள். ஈரம் புகாத ஷூவை வாங்கி அனுப்பிவிட்டான். யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள். அம்மாவின் கால் என்பதால் விலையைக்கூடப் பார்க்கவில்லை.

கணுக்காலுக்குக் கீழே நிற்கிற உயரம். அக்காவின் அளவில் ஒரு ஷூ 350 கிராம் அளவுக்கு இருந்தது. மேலே நெருக்கமாக நெய்த துணி, நடுவில் ஃபோம், அடியில் ரப்பர். ரப்பர் அடி முழுக்க இல்லை. எடையைக் குறைப்பதற்காக நடுப்பாதத்தின் கீழே ரப்பரை விட்டுவிட்டு ஃபோமை அப்படியே வெளியே தெரியவிட்டிருந்தார்கள். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

அதே மாடல் வாட்டர்ப்ரூஃப் இல்லாமலும் விற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதிலும் ஒரு ஜோடி அதே அளவில் வாங்கினோம். மேலே வலைத்துணி, மற்றதெல்லாம் ஒன்றேதான். விலை நன்றாகவே குறைவு. எடை ஒரு காலுக்கு நாற்பது கிராம் போல் குறைவு. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடும்போது ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பது 1980-களிலிருந்தே ஆய்வுகளில் கண்ட கணக்கு. ஆகவே காய்ந்த நிலையில் இந்த நாற்பது கிராம் பெரிய விஷயமே இல்லை.

இரண்டு ஜோடியும் ஒரே மாடல் என்பதால் ஒரு வசதி கிடைத்தது. உயரமும் அடியும் ஒன்றுதான். அதனால் நல்ல பாதையில் ஒரு காலில் வாட்டர்ப்ரூஃபையும் மறு காலில் வலைத்துணியையும் போட்டுக்கொண்டு நடக்கலாம்; அடுத்த முறை கால் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஆள், ஒரே வெயில், ஒரே வேகம். வேறு எந்த முறையிலும் இவ்வளவு நேரான ஒப்பீடு கிடைத்திருக்காது. சாக்ஸ் மட்டும் எப்போதும் ஒரே வகையாக வைத்துக்கொண்டோம்.

படலத்தின் வேலை

இந்த மாதிரி ஷூவில் மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதைச் சாக்ஸ் வடிவத்தில் தைத்து, தையல் ஓடிய இடங்களை டேப் ஒட்டி அடைத்திருப்பார்கள். இந்த வகையில் பெயர் பெற்றது கோர்-டெக்ஸ். 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அறுந்துபோகாமல் அது பல மடங்கு நீண்டது. நீண்ட பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணிக்கையில்லாமல் உண்டாகியிருந்தன. ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருப்பதும் இதே பி.டி.எஃப்.இ.தான். துளை ஒவ்வொன்றும் தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவு சிறியது, நீராவி கடந்துபோகிற அளவு பெரியது. வேறு நிறுவனங்கள் வேறு பொருள்களில் செய்தாலும் நோக்கம் இதுவே.

மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். முதல் பாதி உறுதி. இரண்டாம் பாதி நாம் நிற்கிற ஊரைப் பொறுத்தது. நீராவியைப் படலம் பிடித்துத் தள்ளுவதில்லை. உள்ளே நீராவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது தானாக வெளியேறும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஷூவுக்குள் வியர்த்த கால் 34 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அங்கே நீராவி அழுத்தம் சுமார் 53 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). வெளியே 10 டிகிரி குளிர், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அந்தக் காற்றில் சுமார் 10. வித்தியாசம் 43. மதுரையில் ஐப்பசி மழை ஓய்ந்த காலையில் 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றில் 34. வித்தியாசம் 19 மட்டுமே. அதாவது ஆவியை வெளியே அனுப்பும் விசை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கால் வியர்ப்பதோ அங்கேவிட இங்கே அதிகம். ஷூ செய்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்தக் காற்றில் எந்தப் படலத்துக்கும் இதே கதிதான்.

வாளியில் ஒரு சோதனை

மலைக்குப் போகும் முன் வீட்டில் இரண்டு சோதனை செய்தோம். முதலாவது எல்லோரும் செய்வது. உள்ளே டிஷ்யூ பேப்பரைப் பரப்பி, ஷூவின் வாய்க்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர் உள்ள வாளியில் காலோடு நின்று பார்ப்பது. வாட்டர்ப்ரூஃப் ஷூவில் ஒரு பொட்டு ஈரமில்லை. வலைத்துணி ஷூ காலை வைத்த உடனேயே நனைந்தது. அக்காவுக்கு மகனை நினைத்துச் சந்தோஷம்.

இரண்டாவது சோதனைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, கொஞ்ச நேரம் கழித்துக் கவிழ்த்து, சமையலறைத் தராசில் எடை போட்டோம். அப்புறம் தினத்தாளைச் சுருட்டித் திணித்து, உள் சோலைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்தோம். வெளியே மழை. வலைத்துணி ஷூ மறுநாள் காலை பழைய எடைக்கு வந்துவிட்டது. வாட்டர்ப்ரூஃப் மறுநாள் மாலையிலும் வரவில்லை. கையை விட்டுப் பார்த்தால் விரல் நுனிப் பக்கம் இன்னும் சில்லென்று இருந்தது. தண்ணீரை உள்ளே விடாத படலம் வெளியேயும் விடுவதில்லை. சொம்புக்குள் நிற்கிற மாதிரி தண்ணீர் அடியில் நிற்கிறது. பெரும்பாலும் வாய் வழியாகத்தான் காய்கிறது. கடைசியாகக் காய்கிற அந்த இடம்தான் அக்காவின் சுண்டுவிரல் போய் உட்காரும் இடம்.

வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயாதா என்று அத்தான் கேட்டார். காயும். ஆனால் மதுரை வெயிலில் மொட்டை மாடித் தரையிலோ கார் பானெட்டிலோ வைத்தால் சோலை ஒட்டியிருக்கும் பசை இளகும், ஃபோமும் சுருங்கும். நிழலில் காற்றோட்டமாக வைப்பதே சரி.

கீழக்குயில்குடி: பாறையும் முள்ளும்

சமணர் மலைக்கு மழை பெய்த மறுநாள் போனோம். அடிவாரத்தில் தாமரைக் குளம், கருப்பசாமி கோயில், அதைத் தாண்டிப் பாறையில் வெட்டிய படிகள். தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்கு இந்தப் பாறைமேல்தான் நடக்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் சிற்பங்களின் பக்கத்தில் எதையும் செய்யவில்லை. கீழே, விழுந்தாலும் அடிபடாத ஒரு சரிவான பாறையைத் தேர்ந்து, பாட்டில் தண்ணீரை ஊற்றி நடந்து பார்த்தோம்.

காய்ந்த பாறையில் இரண்டும் அருமையாகப் பிடித்தன. வெறும் தண்ணீர் பட்ட பாறையிலும் பரவாயில்லை. பாசி பிடித்த கறுத்த பாறையில் இரண்டும் ஒரே மாதிரி வழுக்கின. மழைக்காலத்தில் இந்தக் குன்றுகளில் ஆபத்து வருவது இந்த இடத்தில்தான். வாட்டர்ப்ரூஃப் இதில் ஒரு துளிகூட உதவாது. அடியில் பற்கள் ஆழமாக இருந்தால் பிடிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். சேற்றிலும் செம்மண் சரிவிலும் அது உண்மை. வழவழப்பான பாறையில் பற்களின் ஆழத்தைவிட ரப்பர் எவ்வளவு மென்மையானது, எவ்வளவு பரப்பு பாறையைத் தொடுகிறது என்பதே முக்கியம். மென்மையான ரப்பர் தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மதுரைக் குன்றுகளில் நடப்பவர் தேய்மானத்தை ஏற்றுக்கொண்டு மென்மையான ரப்பரையே வாங்கலாம் என்பது என் கருத்து. யானைமலையிலும் அரிட்டாபட்டியிலும் நடக்க வேண்டிய இடமெல்லாம் பாறைதானே.

அடுத்தது முள். சீமைக்கருவேல முள்ளைப் பற்றி எந்த ஷூ நிறுவனமும் பேசுவதில்லை. நம் ஊரில் ஒற்றையடிப்பாதையில் கால் வைத்தவர் யாரும் பேசாமல் இருக்க முடியாது. காய்ந்த முள் ஒன்றைக் குறட்டில் பிடித்து ஷூவின் அடியில் இடம் இடமாக அழுத்திப் பார்த்தேன். பற்கள் இருந்த இடத்தில் நுனி ஒடிந்தது. பற்களுக்கு நடுவே ரப்பர் மெல்லியதாக இருந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. ரப்பரே இல்லாத அந்த நடுப்பகுதியில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போய்விட்டது. எடை குறைந்த ஷூ என்றால் அந்த எடை எங்கே குறைக்கப்பட்டது என்று திருப்பிப் பார்க்க வேண்டும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு முள் ஏறியதே தெரியாது. அக்காவுக்கு இப்போது உணர்வு இருக்கிறது. என்றைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஷூவைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை அன்றே தொடங்கினோம்.

அழகர்மலை

எங்கள் சோதனையின் நடுப்பகுதி இதுதான். அழகர் கோவிலிலிருந்து பழமுதிர்சோலை வரை மலைச்சாலை, அதற்கு மேல் நூபுர கங்கைக்குப் படிகள். சிலம்பாறு என்று பழைய பெயர் உள்ள அந்தத் தீர்த்தம் ராக்காயி அம்மன் சன்னிதியோடு சேர்ந்த இடம். சாலை நல்ல சாலை என்பதால் அக்கா இடது காலில் வாட்டர்ப்ரூஃபும் வலது காலில் வலைத்துணியும் போட்டுக்கொண்டு கிளம்பினார். முந்தின இரவு மழை பெய்திருந்தது. காலையில் மழை இல்லை, காற்றும் இல்லை. மரங்களுக்குக் கீழே புழுக்கம்.

பழமுதிர்சோலை வருவதற்குள்ளேயே அக்கா நின்றுவிட்டார். "வெளிய ஒரு சொட்டு மழை இல்லடா தம்பி. இந்த இடது காலுக்குள்ளதான் பெய்யுது."

உட்கார்ந்து கழற்றிப் பார்த்தோம். வலது கால் சாக்ஸில் ஈரம் இருந்தது. ஆனால் விரல் நுனிகளில் காற்று பட்டு உலரத் தொடங்கியிருந்தது. இடது கால் சாக்ஸைப் பிழியலாம் போல இருந்தது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. தண்ணீர் எங்கும் மிதிக்கவில்லை, மழையிலும் நனையவில்லை. அத்தனையும் அவருடைய வியர்வை. அடுத்த முறை கால் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். சுருங்கிய விரல்கள் வலது காலுக்கு மாறின. மழை தூறிக்கொண்டே இருந்த நாளிலும் நடந்தோம். வலைத்துணி போட்ட கால் சீக்கிரமே நனைந்தது உண்மைதான். ஆனால் தூறல் நின்று கொஞ்ச தூரம் நடந்ததும் நடையிலேயே பாதி காய்ந்துவிட்டது. படலம் இருந்த கால், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு ஈரத்தில் இருந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் நூபுர கங்கையில் தெரிந்தது. இந்த ஒன்றுக்காகவே இந்த ஆய்வை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நம் ஊரில் மலைமேல் பெரும்பாலும் ஒரு கோயில் இருக்கும், அல்லது ஒரு தீர்த்தம். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போகிறோம். நூபுர கங்கையில் குளித்தவர்கள் ஈரத் துணியோடு நடக்க, தரை எப்போதும் தண்ணீராகவே இருக்கும். கால் நனையாமல் வெளியே வர முடியாது. வந்ததும் அந்த ஈரக் காலை அப்படியே சாக்ஸுக்குள் நுழைத்து, ஷூவை மாட்டிக்கொண்டு இறங்குகிறோம். ஆக, ஈரம் ஷூவின் வெளியிலிருந்து உள்ளே வருவதே இல்லை. நம் காலோடு சேர்ந்து வாய் வழியாக உள்ளே போகிறது. போன பிறகு, வாட்டர்ப்ரூஃப் ஷூ அதை வீடு வரும்வரை வெளியே விடாமல் காக்கிறது. சதுரகிரிக்குப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். கொடைக்கானல் மலைச்சரிவில் உள்ள வெள்ளகவியில் ஊருக்குள்ளேயே யாரும் செருப்பு போடுவதில்லை, வருகிறவர்களும் கழற்ற வேண்டும். வழியில் கழற்றி மாட்டுவது என்பது நம் மலைநடையில் ஒரு பகுதி. குளிர்நாட்டில் ஷூவை வடிவமைத்தவர் நினைத்துப் பார்த்த நடை வேறு: காலையில் மாட்டினால் இரவு கூடாரத்தில்தான் கழற்றுவார்.

அன்றிலிருந்து அக்காவின் பையில் ஒரு பருத்தித் துண்டும் ஒரு மாற்று ஜோடி சாக்ஸும் போகின்றன. தீர்த்தத்திலிருந்து வந்ததும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலிடுக்கையும் துடைத்து, காற்றாட வைத்து, அப்புறம் புதுச் சாக்ஸ். விரல்களுக்குத் தனித்தனி உறை உள்ள சாக்ஸ் வாங்கினோம். விரல்கள் ஒன்றோடொன்று உரசாமல், இடுக்கில் ஈரம் தேங்காமல் இருக்க அது நன்றாகவே உதவுகிறது. பருத்திச் சாக்ஸை விட்டுவிட்டோம். பருத்தி ஈரத்தைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். காலுக்கு அது வேண்டாம். துண்டுக்குத்தான் பருத்தி.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. கோயில் என்று வரும்போது இது சங்கடம்தான். வெயில் ஏறிய கல்தளத்தில் நடந்து, சூடு தெரியாமல் பாதம் வெந்துபோனவர்கள் உண்டு. அக்கா விடிகாலையிலேயே போய்விடுகிறார், கல் சூடாகும் முன் தரிசனத்தை முடித்துக்கொள்கிறார். வந்ததும் பாதத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஷூ.

தையல் வேண்டாம்

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலருக்குப் பணம் மிச்சமாகும். புது ஷூ வாங்கினால் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியிடம் கொடுத்து சோலைச் சுற்றித் தையல் போட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம், பசை விட்டாலும் சோல் விடாது. அத்தான் இந்த வாட்டர்ப்ரூஃப் ஜோடியையும் கொண்டுபோய்விட்டார். நல்லவேளையாக அந்தப் பெரியவரே ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சார், உள்ள டேப் ஓடுது. நான் ஊசி போட்டா ஓட்டை ஓட்டையாப் போயிரும், வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். ஊசி உள்ளே இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் படலம் கிழியும் என்பது அவர் சொன்னதன் பொருள். வலைத்துணி ஷூவுக்கு மட்டும் தையல் போட்டு வாங்கி வந்தோம். அது இன்றுவரை உறுதியாக இருக்கிறது.

சிறுமலையில் நியாயம் மாறியது

இதுவரை படித்தவர்கள் வாட்டர்ப்ரூஃப் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். நானும் ஏறக்குறைய அங்கேதான் இருந்தேன். மார்கழியில் சிறுமலைக்குப் போனபோது கணக்கு மாறியது.

திண்டுக்கல் பக்கமிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி, அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலைக்கு நடந்தோம். விடிகாலை, நல்ல குளிர், பாதையின் இரு பக்கமும் முழங்கால் அளவுப் புல். புல் முழுக்கப் பனி. மழை இல்லாமலேயே வலைத்துணி ஷூ சிறிது தூரத்திலேயே தொப்பலாகிவிட்டது. நனைந்த வலைத்துணியில் குளிர்காற்று பட்டு விரல் மரத்தது. காயவும் இல்லை, ஏனென்றால் அடுத்த அடியில் அடுத்த புல். வாட்டர்ப்ரூஃப் போட்ட கால் கடைசிவரை கதகதப்பாக, கிட்டத்தட்ட உலர்ந்தே இருந்தது.

மேலே போட்ட கணக்கை இங்கேயும் போடலாம். 16 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் வெளிக்காற்றில் நீராவி அழுத்தம் 16 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும். காலின் சூடு அதே அளவு என்று வைத்தால் வித்தியாசம் 37. ஐப்பசி மதுரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழகர்மலையில் வேலை செய்யாத அதே படலம் இங்கே செய்கிறது. ஷூ மாறவில்லை, காற்று மாறியது. கால் உணர்வு பற்றிக் கவலைப்பட வேண்டிய ஒருவருக்குக் குளிரில் மரத்த விரல்களும் நல்லதில்லை. ஆகவே மகன் அனுப்பிய ஷூவுக்கு இங்கே உண்மையான இடம் இருக்கிறது.

வெயில் ஏறி, புல் காய்ந்து, பாதை இறக்கத்தில் போனபோது பழைய புழுக்கம் திரும்பி வந்தது. இறங்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. வாட்டர்ப்ரூஃபில் அக்காவின் விரல்கள் முன்னால் இடித்தன, மற்றதில் இடிக்கவில்லை. இரண்டும் ஒரே அளவு என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. உள்ளே படலத்தோடு கூடிய உறை கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால் நெருக்கம். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் பாதங்கள் முன்பக்கம் விரிந்திருப்பது வழக்கம். வாட்டர்ப்ரூஃப் வாங்குகிறவர்கள் அரை அளவு பெரிதாக, அதுவும் கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. நேரில் போட்டுப் பார்க்காமல் பார்சலில் வரவழைப்பதை, சர்க்கரை உள்ள காலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பருவத்தின் முடிவில்

தை பிறந்ததும் வாளிச் சோதனையை மறுபடி செய்தோம். வாட்டர்ப்ரூஃப் ஷூவின் வலது காலில், பெருவிரலுக்குக் கீழே, டிஷ்யூவில் வட்டமாக ஒரு ஈரத் தடம். உள் சோலைக் கழற்றிப் பார்த்தால் ஊசி முனை அளவு ஓட்டை. ரப்பர் மெல்லியதாக இருந்த இடத்தில் முள் ஏறியிருக்கிறது. எப்போது என்று தெரியவில்லை. நல்லவேளை, முள் உள் சோலைத் தாண்டவில்லை. கருவேல முள் கிடக்கும் பாதையில் நடந்தால் இந்த வகை ஷூ எத்தனை நாள் வாட்டர்ப்ரூஃபாக இருக்கும் என்பதற்கு அந்தத் தடமே பதில். வெளித்துணியில் தண்ணீர் ஒட்டாமல் உருளச் செய்யும் பூச்சும் செம்மண்ணில் உரசி மங்கியிருந்தது. பூச்சு போனால் மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், படலத்தின் வெளிப்பக்கம் ஈரத்தால் மூடிக்கொள்ளும், உள்ளே இருந்து ஆவி போவது இன்னும் குறையும். ஸ்ப்ரே வாங்கி மறுபடி அடிக்கலாம். அடித்தோம், ஓரளவு திரும்பியது.

அக்காவின் விரலிடுக்கு ஆறிவிட்டது. அடுத்த பரிசோதனையில் டாக்டருக்குத் திருப்தி. இதை ஷூவின் கணக்கில் எழுத மாட்டேன். களிம்பு, துண்டு, மாற்றுச் சாக்ஸ், தினமும் ராத்திரி பாதத்தைப் பார்ப்பது என்று எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இவற்றில் மிகவும் மலிவான துண்டுதான் மிகவும் உதவியது என்று அக்கா சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

எங்கள் முடிவு இது. ஆவணி முதல் கார்த்திகை வரை மதுரைப் பக்கம், அதாவது அழகர்மலை, சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி எங்கே போனாலும் வலைத்துணி ஷூ. நனையும், காய்ந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் சிறுமலை, கொடைக்கானல் போன்ற உயரங்களில், புல்வெளியில் விடிகாலை நடை என்றால் வாட்டர்ப்ரூஃப்; வெயில் ஏறியதும் கழற்றி மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி பையில். ஓடையில் இறங்கிக் கடக்க வேண்டிய பாதை என்றால் எந்த மாதமாக இருந்தாலும் வாட்டர்ப்ரூஃப் வேண்டாம். இந்த உயரத்தில் தண்ணீர் வாய் வழியாக நிச்சயம் நுழையும், நுழைந்தது போகாது. மழை கனத்திருக்கும் நாளில் ஓடைப் பாதைக்கே போகக் கூடாது என்பது ஷூவைவிடப் பெரிய விஷயம். வனத்துறை மூடச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும்.

மகன் போனில் கேட்டான், "அடுத்தது என்ன மாமா வாங்க?" அவனுக்குச் சொன்னது: படலம் வேண்டாம். அடி முழுக்க ரப்பர், நடுவில் ஃபோம் வெளியே தெரியவே கூடாது. அதற்காக ஐம்பது அறுபது கிராம் கூடினாலும் பரவாயில்லை. ஈரப் பாறையில் பிடிக்கிற மென்மையான ரப்பர். முன்பக்கம் அகலம். கழற்றி மாட்டச் சுலபமான லேஸ். அம்மாவை நேரில் கடைக்குக் கூட்டிப்போ, சாயங்காலமாகப் போ. ஊருக்கு வந்தபோது அப்படியே செய்தான்.